குச்சிப்பூச்சியை அதன் செடியிலேயே படமெடுக்க: பெங்களூருத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பட்டாம்பூச்சிப் படத்தில் பட்டாம்பூச்சி பளிச்சென்று தெரிந்தால் வேலை முடிந்தது. காய்ந்த குச்சிபோலவே தோன்றி ஒளிந்துகொள்ளும் குச்சிப்பூச்சியின் படம் அப்படியல்ல. பளிச்சென்று தெரிந்தால், "இதில் என்ன அதிசயம்?" என்பார்கள். தெரியாவிட்டால், "பூச்சி எங்கே?" என்பார்கள். அது ஒளிந்திருப்பதும் தெரிய வேண்டும், ஒளிந்திருக்கும் பூச்சியும் தெரிய வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த இழுபறியைப் பற்றியவைதான்.

பெங்களூருவில் குச்சிப்பூச்சி இருக்கிறதா? மேற்குத் தொடர்ச்சி மலைக்குத்தான் போக வேண்டுமா?

இருக்கிறது. வீட்டுத் தோட்டத்துக் கொய்யா, ரோஜாப் புதர், அபார்ட்மென்ட் வேலிச்செடி, பராமரிப்பு குறைந்த காலி மனை ஆகியவற்றில் முதலில் தேடுங்கள். மருந்து அடிக்கும் தோட்டத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம். தோட்டக்காரரிடம் கடைசியாக எப்போது மருந்து அடித்தார் என்று கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. ஊருக்கு வெளியே துரஹள்ளி, சாவன்துர்கா, நந்திமலை அடிவாரப் புதர்கள் பகலில் தேடத் தோதானவை. ஹெசரகட்டா போன்ற புல்வெளிகளில் மரக்குச்சியைத் தேடாதீர்கள். புல் தண்டைப் போலவே மெலிந்து, வெளிர்ந்த நிறத்தில் இருக்கும் வகைகளை அங்கே எதிர்பாருங்கள்.

உலகெங்கும் பள்ளிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் வளர்க்கப்படும் 'இந்தியக் குச்சிப்பூச்சி' நம்ம ஊரிலிருந்து போனதுதான். கராசியஸ் மொரோசஸ் என்ற பெயரில் 1901ல் விவரிக்கப்பட்ட அந்த இனத்தின் பூர்வீகம் தமிழ்நாடு. ஆனால் பெங்களூருவில் பார்க்கும் ஒவ்வொன்றையும் அதுவென்று எழுதிவிடாதீர்கள். தென்னிந்தியாவில் வகைகள் பல, பார்வைக்குப் பாதி ஒன்றுபோலவே இருக்கும்.

எந்த மாதம், எந்த நேரம்?

கோடை மழை விழுந்து துளிர் விட்டபின் குஞ்சுகள் தென்படும். ஜூன் முதல் நவம்பர் வரை தேடலாம். பெரியவை வேண்டுமென்றால் அந்தக் காலத்தின் பின்பாதி நல்லது. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பெங்களூருவில் காற்று ஓயாது, அதனால் கிளை நிற்காது. அந்த மாதங்களில் கட்டிடச் சுவரோ மதிலோ காற்றைத் தடுக்கும் செடிகளைத் தேர்ந்தெடுங்கள்.

நேரம் என்றால் இரண்டு. இருட்டி ஒரு மணி நேரம் கழித்து அவை மேயக் கிளம்பும், அப்போது கண்டுபிடிப்பது எளிது. விடியற்காலையில் மேய்ச்சல் முடிந்து தண்டோடு ஒட்டி அசையாமல் கிடக்கும், அப்போது படமெடுப்பது எளிது. இரவில் கண்டுபிடித்துச் செடியை நினைவில் வைத்துக்கொண்டு, காலை ஐந்தே முக்காலுக்கு அதே செடிக்குத் திரும்பி வாருங்கள். பெரும்பாலும் ஓரிரு அடி தூரத்துக்குள்தான் இருக்கும்.

பக்கத்திலேயே இருந்தும் கண்ணுக்குத் தெரிவதில்லை. எப்படித் தேடுவது?

பூச்சியைத் தேடாதீர்கள், அது விட்டுப்போன தடயத்தைத் தேடுங்கள். இலையின் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கடித்த பிறைவடிவ வெட்டு முதல் தடயம். வெட்டின் ஓரம் பச்சையாக இருந்தால் நேற்றிரவு கடித்தது, பழுப்பேறியிருந்தால் பழையது. அடுத்து, கீழ் இலைகளின் மேல் கிடக்கும் எச்சம். பென்சில் முனையை உடைத்துப் போட்டதுபோல் குட்டையான காய்ந்த துணுக்குகளாக இருக்கும். கம்பளிப்பூச்சியின் எச்சம் பெரும்பாலும் உருண்டையாக இருக்கும். துணுக்கு கிடக்கும் இலைக்கு நேர்மேலே பாருங்கள்.

டார்ச்சை நெற்றியில் கட்டிக்கொண்டு நேராக அடித்தால் நிழல் விழாது, எல்லாம் தட்டையாகத் தெரியும். கையில் பிடித்து, உடம்பிலிருந்து ஓர் அடி தள்ளி, பக்கவாட்டில் அடியுங்கள். தண்டின் மேல் இன்னொரு தண்டு நிழல் போட்டால் அங்கே நின்று பாருங்கள். பிறகு செடிக்குக் கீழே குனிந்து டார்ச்சை மேல்நோக்கிப் பிடியுங்கள். இலையின் அடிப்பக்கத்தில் தொங்குபவை அப்போதுதான் கண்ணில் படும்.

கண் பழகுவதற்கு ஓர் உபாயம் உண்டு. செடியின் கிளைகளுக்கு ஓர் ஒழுங்கு இருக்கும்: இத்தனை கணுவுக்கு ஓர் இலை, இந்தக் கோணத்தில் ஒரு கிளை. கணுவில்லாத இடத்திலிருந்து புறப்படும் குச்சியும், இலையே இல்லாமல் நீளும் குச்சியும் சந்தேகத்துக்குரியவை. முன்னங்கால் இரண்டையும் தலைக்கு முன்னால் நீட்டி ஒட்டவைத்துக்கொள்வதால் பூச்சியின் நீளம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகத் தெரியும். தலையை அந்த நீட்டிய கால்களின் நுனியில் தேடி ஏமாறுவார்கள். கால் தொடங்கும் இடத்தில் உட்பக்கமாக ஒரு சிறு வளைவு இருக்கும், தலை அந்த வளைவுக்குள் பொருந்தியிருக்கும். ஃபோகஸ் செய்ய வேண்டிய கண் அங்கேதான் இருக்கிறது, கடுகில் பாதி அளவில்.

வெள்ளை டார்ச்சை ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் அடித்தால் மேய்வதை நிறுத்திவிடும். டார்ச்சின் முகத்தில் சிவப்பு ஜெலட்டின் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். சிவப்பு ஒளி பூச்சிகளுக்கு அவ்வளவாகத் தெரியாது. தேட வெள்ளை, காத்திருக்கச் சிவப்பு.

நான் எடுத்தது குச்சிப்பூச்சியா, கும்பிடுபூச்சியா?

முன்னங்காலைப் பாருங்கள். முள் வரிசையோடு மடிந்து, பிடிக்கத் தயாராக இருந்தால் கும்பிடுபூச்சி. அதன் தலை முக்கோணமாக இருக்கும், உங்களைத் திரும்பிப் பார்க்கும். குச்சிப்பூச்சி இலை தின்னி, பிடிக்கும் கால் அதற்குத் தேவையில்லை. கிளையிலிருந்து சாய்வாக எழுந்து விறைத்து நிற்கும் 'குச்சி' நீண்ட கால்கள் இல்லாமல் அடியில் மட்டும் பிடித்திருந்தால், அது அளவுபுழு எனப்படும் கம்பளிப்பூச்சி வகை. ஏரியில் மூழ்கிக் கிடக்கும் குச்சி போன்றது மூட்டைப்பூச்சிக்கு உறவான நீர்வாழ்ப் பூச்சி, அதற்கும் குச்சிப்பூச்சிக்கும் உறவில்லை.

மேக்ரோ லென்ஸ் வாங்கியே ஆக வேண்டுமா?

முழுப் பூச்சியையும் படமெடுக்க மேக்ரோ லென்ஸ் தேவையில்லை. கணக்கு இதோ. ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவு சென்சார் கொண்ட கேமராவில் சென்சார் அகலம் சுமார் 23.5 மில்லிமீட்டர். நீட்டிய காலோடு சேர்த்து 15 சென்டிமீட்டர் நீளமுள்ள பூச்சியை அதில் அடக்க 23.5 ÷ 150, அதாவது 0.16 மடங்கு உருப்பெருக்கம் போதும். உடல் மட்டும் 10 சென்டிமீட்டர் என்றால் 0.24 மடங்கு. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ்களில் பெரும்பாலானவை மிக அருகில் போனால் கால் பங்கு உருப்பெருக்கம் தருகின்றன. அதாவது பலரும் மேக்ரோ லென்ஸுக்காகத் தள்ளிப்போடும் படத்தை இன்றைக்கே, கையிலிருப்பதை வைத்து எடுக்கலாம்.

தலை, பாதம், முட்டை ஆகியவற்றுக்குத்தான் 1:1 மேக்ரோ, அதாவது பொருளை அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் பதிக்கும் லென்ஸ், தேவை. 90 முதல் 105 மில்லிமீட்டர் வரை உள்ளவை இதற்குத் தோது, ஏனென்றால் பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே ஃப்ளாஷ் ஒளி நுழைய இடம் கிடைக்கும். செலவு வேண்டாமென்றால் 55-250 லென்ஸின் முன்னால் ரேனாக்ஸ் டிசிஆர்-150 என்ற பெரிதாக்கும் துணைக் கண்ணாடியை மாட்டுங்கள். அதன் சக்தி 4.8 டயாப்டர். 250 மில்லிமீட்டரில் முடிவிலியில் ஃபோகஸ் வைத்தால் சுமார் 1.2 மடங்கு வரும், லென்ஸிலிருந்து பூச்சிவரை ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் இருக்கும். டிசிஆர்-250 இன்னும் பெரிதாக்கும், ஆனால் தூரம் 12 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். குச்சிப்பூச்சிக்கு 150தான் சரி.

போனில் எடுக்க முடியுமா?

முடியும், சில வகைப் படங்களுக்குப் போன்தான் கேமராவைவிட நல்லது. மேக்ரோ வசதியுள்ள அல்ட்ராவைட் லென்ஸ் சில போன்களில் 2 சென்டிமீட்டர் தூரத்திலேயே ஃபோகஸ் ஆகும். பூச்சி பெரிதாகவும், பின்னால் செடி முழுவதும், அதற்கும் பின்னால் அபார்ட்மென்ட் விளக்குகளும் ஒரே சட்டத்தில் வரும். இதே படத்துக்குக் கேமராக்காரர் லாவோவா (Laowa) 15 மில்லிமீட்டர் மேக்ரோ மாதிரியான தனி லென்ஸ் வாங்க வேண்டும். கிளிப் மாட்டும் மலிவு மேக்ரோ கண்ணாடி மட்டும் வேண்டாம். அதில் தெரிவது இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான், பூச்சியில் கால்வாசிகூட அடங்காது.

போனில் பெரிய தொல்லை ஃபோகஸ். பூச்சி மூன்று மில்லிமீட்டர் தடிமன்தான், போன் அதை விட்டுவிட்டுப் பின்னாலிருக்கும் இலையைப் பிடித்துக்கொள்ளும். பூச்சிக்குப் பக்கத்தில், அதே தூரத்தில், அதைத் தொடாமல் விரலை நீட்டுங்கள். திரையில் விரலின் மேல் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். விரலை எடுத்துவிட்டுப் போனை முன்னும் பின்னும் ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்தியபடி பத்துப் படம் எடுங்கள். நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பதால், மேயும் பூச்சிக்கு எட்டுக் கால் வந்துவிடும். வெளிச்சத்துக்குப் போனின் சொந்த ஃப்ளாஷ் வேண்டாம். இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து டிஷ்யூ காகிதம் சுற்றிய டார்ச்சைப் பிடிக்கட்டும்.

தலை கூர்மையாக வந்தால் வால் மங்குகிறது. அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித் துவாரத்தை) இன்னும் மூடட்டுமா?

மூடுவதற்கு முன் கேமராவைத் திருப்புங்கள். ஏபிஎஸ்-சியில் கால் பங்கு உருப்பெருக்கத்தில், எஃப்/11ல் ஃபோகஸ் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம், சுமார் 9 மில்லிமீட்டர். 10 சென்டிமீட்டர் உடல் வெறும் 5 டிகிரி சாய்ந்தாலே ஒரு முனை மற்ற முனையைவிட 9 மில்லிமீட்டர் பின்னால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத சாய்வு அது. அதாவது உங்கள் சிக்கல் அப்பர்ச்சரில் இல்லை, மணிக்கட்டில் இருக்கிறது.

கேமராவின் முதுகு பூச்சியின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். சரிபார்க்க, லைவ் வியூவில் படத்தைப் பெரிதாக்கித் தலையில் ஃபோகஸ் வையுங்கள். ஃபோகஸை மாற்றாமல் பெரிதாக்கிய சட்டத்தை வால்வரை நகர்த்துங்கள். வால் மங்கினால், ஃபோகஸ் வளையத்தை ஒரு துளி தூரத்துப் பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். தெளிந்தால் வால் தூரத்தில் இருக்கிறது, கேமராவை அந்தப் பக்கம் சாயுங்கள். இன்னும் மங்கினால் எதிர்ப்பக்கம். இரண்டு மூன்று திருத்தத்தில் அமைந்துவிடும். கால்கள் முன்னும் பின்னும் விரிந்திருக்கும், அவை மங்கட்டும். தலையும் உடலும் தெளிவாக இருந்தால் கால் மங்குவதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை.

1:1ல் கதை வேறு. அங்கே எஃப்/11லும் ஃபோகஸ் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்காக எஃப்/22க்குப் போனால், அந்த உருப்பெருக்கத்தில் அது எஃப்/44க்குச் சமம். துவாரம் மிகச் சிறிதாகி ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் முழுவதும் மெழுகு பூசியதுபோல் மழுங்கும். எஃப்/11ஐத் தாண்டாதீர்கள். அதற்குமேல் ஆழம் வேண்டுமானால் ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி எட்டு முதல் பதினைந்து படம் எடுத்து ஒன்றாக அடுக்குங்கள். விடியற்காலையில் அசையாமல் கிடக்கும் பூச்சியிடம் மட்டும்தான் இது பலிக்கும்.

ஃப்ளாஷ் போட்டால் உடல் வெள்ளைக் கோடாகிவிடுகிறது.

பூச்சியின் ஓடு வழவழப்பானது, உருளை வடிவம் வேறு. சின்ன ஒளிமூலம் அதில் கண்ணாடிக் குழாயில் டியூப்லைட் தெரிவதுபோல் தெரியும். ஒளிமூலத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தில் கொண்டுவருவதுதான் மருந்து.

ஏ4 அளவுத் தடித்த அட்டையை வளைத்துப் புனல்போலச் செய்யுங்கள். குறுகிய வாய் ஃப்ளாஷ் தலைக்கு, அகன்ற வாய் குறைந்தது 15 சென்டிமீட்டர். உட்புறம் சிப்ஸ் பாக்கெட்டின் வெள்ளிப் பக்கத்தை ஒட்டுங்கள். அகன்ற வாயில் முதலில் ட்ரேசிங் பேப்பர், அதிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பார்சலில் வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாள். இடைவெளி முக்கியம். இரண்டையும் ஒட்டி வைத்தால் ஒளி நடுவில் குவிந்து, பாதி பலன் போய்விடும். ஃபோம் தாள் லென்ஸ் முனைக்குச் சற்று மேலே, பூச்சியிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டரில் இருக்கும்படி முன்னோக்கிச் சாய்த்து ரப்பர் பேண்டால் கட்டுங்கள். அட்டை, ட்ரேசிங் பேப்பர் எல்லாம் அவென்யூ ரோட்டில் கிடைக்கும். பேட்டரி, டார்ச், வெல்க்ரோவுக்கு எஸ்.பி. ரோடு.

தொடக்க அமைப்பு: மேனுவல், எஃப்/11, 1/160, ஐஎஸ்ஓ 200, ஃப்ளாஷ் 1/8. வெளுத்தால் ஃப்ளாஷை மட்டும் குறையுங்கள். படத்தின் ஒரு பக்கத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால் ஷட்டர் வேகம் உங்கள் கேமராவின் சிங்க் வேகத்தை (ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் உச்ச ஷட்டர் வேகத்தை) தாண்டிவிட்டது என்று பொருள். ஃப்ளாஷ் எரியவே இல்லையென்றால் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பின்னணி எப்போதும் கறுப்பாகவே வருகிறது. அழகாகத்தானே இருக்கிறது?

வண்டுக்கு அழகு. குச்சிப்பூச்சியைக் கறுப்பில் வைப்பது, பல்லாங்குழிப் பலகையை எடுத்துவிட்டுச் சோழியை மட்டும் படமெடுப்பதுபோல. எந்தக் குச்சிக்கு நடுவில் அது குச்சியாக நின்றதோ, அந்தக் குச்சிகள் படத்தில் வேண்டும்.

கறுப்பு ஏன் வருகிறது என்பது தூரக் கணக்கு. ஃப்ளாஷிலிருந்து பூச்சி 20 சென்டிமீட்டர், பின்னாலுள்ள இலை 40 சென்டிமீட்டர் என்றால் இலைக்குக் கிடைப்பது கால் பங்கு ஒளி, இரண்டு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). அதுவாவது தெரியும். மதில் 160 சென்டிமீட்டரில் இருந்தால் 64ல் ஒரு பங்கு. அது கறுப்புதான்.

ஆகவே முதல் வழி, கோணம் மாற்றுவது. பூச்சிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து சென்டிமீட்டரில் அதே செடியின் இலைகளோ கிளைகளோ வரும்படி உங்கள் உடம்பை நகர்த்துங்கள். வேறு செடியின் கிளையை ஒடித்துப் பின்னால் செருகுவதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. கொய்யாவில் இருந்த பூச்சிக்குப் பின்னால் செம்பருத்தி இலை தெரிந்தால், விவரம் தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார்.

இரண்டாம் வழி, பொழுது. சூரியன் மறைந்து பத்து முதல் இருபத்தைந்து நிமிடம்வரை வானத்தில் நீலம் மிச்சமிருக்கும். பெங்களூருவில் ஜூலையில் அது ஏழு மணியை ஒட்டி வரும், நவம்பரில் ஆறேகாலுக்குள் முடிந்துவிடும். ஃப்ளாஷை அணைத்துவிட்டு எஃப்/8, 1/60, ஐஎஸ்ஓ 800 என்று தொடங்கி, பின்னணி இயல்பைவிட ஒரு ஸ்டாப் இருட்டாக வரும்வரை ஐஎஸ்ஓவை மாற்றுங்கள். பிறகு ஃப்ளாஷை 1/32ல் போடுங்கள். வானமும் செடியும் பொழுதின் ஒளியில் வரும், பூச்சி ஃப்ளாஷில் வரும். கிளை ஆடினால் பூச்சியின் ஓரத்தில் பேய்போல் ஒரு நிழல் படியும். அப்போது ஷட்டரை 1/125 ஆக்கி, ஐஎஸ்ஓவை இரட்டிப்பாக்குங்கள்.

பூச்சி எவ்வளவு தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு சோதனை: படத்தைப் போன் திரையில் சிறிதாக்கி, விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். உடனே கண்டுபிடித்தால் ஃப்ளாஷைக் குறைக்கலாம். ஒரு நிமிடம் ஆகியும் காணவில்லை என்றால், கண்ணிலும் முன்னங்காலிலும் மட்டும் ஒளி கூடும்படி ஃப்ளாஷில் கட்டிய அட்டைப் புனலைத் தலைப்பக்கம் நகர்த்துங்கள்.

பூச்சி ஆடிக்கொண்டே இருக்கிறது.

கிளை ஆடுகிறதா, பூச்சி ஆடுகிறதா என்று பாருங்கள். காற்றில் ஆடும் குச்சியைப் போல நடிப்பதற்காகப் பக்கவாட்டில் ஊசலாடுவது அதன் பழக்கம். உங்கள் மூச்சுக் காற்று பட்டாலே தொடங்கிவிடும். முகத்தைத் திருப்பி மூச்சு விடுங்கள். சற்று நேரத்தில் அடங்கிவிடும்.

கிளை ஆடினால், பூச்சியிலிருந்து ஓர் அடி கீழே தண்டைத் துணிக் கிளிப்பால் பிடியுங்கள். கிளிப்பை மூங்கில் குச்சியில் கட்டி, குச்சியை மண்ணில் குத்திக்கொள்ளலாம். கிளிப்பின் பற்களில் சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றுங்கள், இல்லையென்றால் பட்டை நசுங்கும்.

கொஞ்சம் வசதியான கிளைக்கு மாற்றி வைக்கலாமா?

வேண்டாம். கால் பிடித்து இழுத்தால் காலைக் கழற்றிவிட்டுத் தப்பிக்கும். குஞ்சாக இருந்தால் அடுத்தடுத்த தோலுரிப்பில் சிறிதாக முளைக்கும். தோலுரிப்பு முடிந்த பெரிய பூச்சிக்கு மறுபடி முளைக்காது. தொட்டால் பலவும் பொத்தென்று கீழே விழுந்து விறைத்துக் கிடக்கும், உதிர்ந்த சருகுக்கு நடுவில் நீங்கள் மிதித்தாலும் தெரியாது. மாற்றி வைத்த பூச்சி வழக்கமான இருப்பில் உட்காராது, கால்களைப் பரப்பிக்கொண்டு நடக்கத் தொடங்கும். படத்திலும் அது தெரியும். ஃப்ரிட்ஜில் வைத்து மந்தமாக்குவது, நாடகத்துக்காகத் தண்ணீர் தெளிப்பது எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

தலைகீழாகத் தொங்கி, உடல் வெளுத்து, முதுகில் பிளவு. செத்துப்போகிறதா?

தோல் உரிக்கிறது. கிடைத்தற்கரிய காட்சி. கிளையைத் தொடாதீர்கள், கிளிப் மாட்டாதீர்கள், அதற்கு நேர்க்கீழே இருக்கும் இலைகளை விலக்காதீர்கள். இந்த நேரத்தில் விழுந்தால் கால்கள் கோணலாகவே இறுகிவிடும். ஒரு மீட்டர் தள்ளி, நீண்ட லென்ஸோடு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் போதும். வெளியே வந்தபின் உடனே கிளம்பாதீர்கள். பல வகைகள் உரித்த தோலைத் திரும்பித் தின்னும், நல்ல படம் அதுதான்.

எந்த இனம் என்று தெரிய எந்தெந்தப் படம் வேண்டும்?

நாடகப் படம் ஒன்றால் யாரும் இனம் சொல்ல மாட்டார்கள். மேலிருந்து முழு உடல், பக்கவாட்டில் முழு உடல், தலையின் நெருக்கம், வயிற்றின் கடைசி மூன்று கணுக்கள் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும். உணர்கொம்பு நுனிவரை தெரிய வேண்டும். அது முன்னங்காலின் தொடைப்பகுதியைவிட நீளமா குட்டையா என்பதே இனப்பிரிப்பில் பெரிய அடையாளம். ஆண் மெலிந்து சிறிதாக இருக்கும், பெண்ணின் முதுகில் ஏறியிருந்தால் இரண்டையும் தனித்தனியாக எடுங்கள். அளவுகோலைப் பூச்சியின் மேல் வைக்க வேண்டாம். பூச்சி போனபின் அது இருந்த தண்டை அளந்துகொள்ளலாம்.

முட்டை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலான வகைகள் முட்டையைக் கிளையிலிருந்து தரையில் உதிர்த்துவிடும். செடியின் கீழ் ஒரு வெள்ளைத் துணியை இரவில் விரித்துக் காலையில் பாருங்கள். விதை என்று நினைத்து உதறிவிடாதீர்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டரில், மூடி வைத்த சிறு ஜாடிபோல் இருக்கும். சில வகைகளில் மூடியின் மேல் ஒரு குமிழ் உண்டு, அதற்கு ஆசைப்பட்டு எறும்பு முட்டையைத் தூக்கிப்போகும். எறும்போடு முட்டை கிடைத்தால் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். எடுத்தபின் முட்டைகளை அதே செடியடியில் விட்டுவிடுங்கள்.

இரவில் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது?

லால்பாக் மாலையில் பூட்டிவிடுவார்கள், காலை ஆறு மணிக்குத் திறப்பார்கள். கேமராவுக்குக் கட்டணம் உண்டா என்று நுழைவாயிலிலேயே கேளுங்கள். பன்னேருகட்டா தேசியப் பூங்காவிலும் மற்ற வனப்பகுதிகளிலும் இரவில் நுழைவது சட்டப்படி குற்றம், 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் படமெடுக்கவே அனுமதி பெற வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அங்கே யானை இருக்கிறது. நகரின் தெற்கு ஓரக் காடுகளில் சிறுத்தையும் இருக்கிறது. இருட்டுவதற்குள் வெளியே வந்துவிடுங்கள்.

ஆகையால் இரவு வேலைக்கு வீட்டுத் தோட்டம், அபார்ட்மென்ட் வளாகம், தெரிந்தவரின் தோப்பு, உள்ளே படிப்பவரோ வேலை பார்ப்பவரோ அனுமதி வாங்கித் தரும் கல்லூரி வளாகம். செக்யூரிட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரவு பத்து மணிக்குப் புதரில் ஃப்ளாஷ் மின்னினால் யாருக்கும் சந்தேகம் வரும். "ஹுளு ஃபோட்டோ சார், அஷ்டே" (பூச்சிப் படம்தான் சார், அவ்வளவுதான்) என்று சிரித்தபடி சொல்லி, கேமராத் திரையில் ஒரு படத்தைக் காட்டினால் பெரும்பாலும் அவரே அடுத்த செடியைக் காட்டுவார். மாடி வீட்டு ஜன்னல் பக்கம் மட்டும் லென்ஸைத் திருப்பாதீர்கள்.

வளாகத்துக்குள் என்றாலும் கணுக்கால் மூடும் ஷூ கட்டாயம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன் மூன்றும் பெங்களூருவில் உண்டு. முழங்கால் போட்டு உட்காரும் முன் அந்த இடத்தை டார்ச்சால் பாருங்கள், குச்சியால் சருகைத் தள்ளுங்கள், பிறகு உட்காருங்கள். கண் வ்யூஃபைண்டரில் இருக்கும்போது கை எங்கே ஊன்றுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இருவராகப் போய், ஒருவர் படமெடுக்க மற்றவர் தரையைப் பார்ப்பது நல்ல ஏற்பாடு.

தொங்கும் பூச்சியைக் கணினியில் நிமிர்த்திப் போடலாமா?

வேண்டாம். தொங்கியிருந்தால் தொங்குவதாகவே போடுங்கள். இலை தொங்கும் திசை, எச்சம் ஒட்டியிருக்கும் பக்கம், நிழல் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். வெட்டும்போதும் கவனம் தேவை. முன்னங்கால் நுனியையும் உணர்கொம்பையும் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. எடுக்கும்போதே தலைப்பக்கம் உடலின் பாதி நீளத்துக்கு இடம் விட்டுவிடுங்கள். படத்தோடு செடியின் பெயர், தேதி, மணி, தரையிலிருந்து உயரம் நான்கையும் எழுதுங்கள். இடத்தை எழுதும்போது பேட்டையின் பெயர் போதும், வரைபடத்தில் புள்ளி வேண்டாம்.